எதிர்க்கட்சி வரிசையில் காயிதே மில்லத்

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இங்கே இருக்காது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், சென்னையில் அவர் பெயரில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. மேடைகளில் நாமும் அவருடைய எளிமையைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 6 ஆண்டுகள் அவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததைப் பேசுவது குறைவு. இந்தப் பொன்விழா மலரில் அதைப் பற்றியே எழுத நினைத்தோம்.

1896 ஜூன் 5-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வி கற்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1920-ல் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுப் பட்டப் படிப்பை விட்டு வெளியே வந்தார். பிறகு தோல் வணிகத்தில் இறங்கிச் சென்னை வணிகர்களிடையே மதிப்புப் பெற்றார். வணிகம் அவருக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது நம் எண்ணம். பேச்சில் சூடு ஏறாமல் பேரம் முடிக்கத் தெரிந்தவர்தான் கடையில் நிலைக்க முடியும்.

1946 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கலாம். அந்த 28 இடங்களையும் முஸ்லிம் லீக் வென்றது. லீக் உறுப்பினர்கள் இஸ்மாயில் சாகிபைத் தங்கள் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே என்பதால் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

எதிரே ஆளும் வரிசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரும்பான்மை பெற்ற காங்கிரசுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதே பெரும் பாடாக இருந்தது. காந்தியடிகள் ராஜாஜியை விரும்பினார். காமராஜர் பக்கத்தவர்கள் அதை ஏற்கவில்லை. கடைசியில் முத்துரங்க முதலியாரும் ஆந்திரத்துப் பிரகாசமும் போட்டியிட்டார்கள். ராஜாஜியின் ஆதரவாளர்கள் ஒதுங்கி நிற்க, பிரகாசம் 82-க்கு 69 என்று வென்றார். ஆனால் அந்த முடிவோடு பிணக்குத் தீரவில்லை. ஓராண்டுகூட ஆகுமுன், 1947 மார்ச்சில், சொந்தக் கட்சி உறுப்பினர்களே அவர்மீது நம்பிக்கையில்லை என்று அவரை இறக்கிவிட்டார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். 1949 ஏப்ரலில் அவரும் விலக, குமாரசாமி ராஜா வந்தார். எதிரே மூன்று பேர் மாறினார்கள். இந்தப் பக்கம் அதே இஸ்மாயில் சாகிப்தான் அமர்ந்திருந்தார்.

அதற்காக அவர் இடம் சுகமான இடம் என்று நினைத்துவிடக் கூடாது. நாடு பிரிந்த பிறகு, லீக்குக்கு 1946-ல் கிடைத்த வெற்றிக்கே இனி என்ன மதிப்பு என்ற கேள்வி எழுந்தது. கட்சியைக் கலைத்துவிடும்படி நெருக்கடி வந்தது. வடக்கே லீக் உறுப்பினர்கள் பலர் காங்கிரசில் சேர்ந்தார்கள், சிலர் பாகிஸ்தானுக்கே போய்விட்டார்கள். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய லீக் கவுன்சில், கட்சியை இரண்டாகப் பிரித்து, இந்தியப் பகுதிக்கு இவரை அமைப்பாளராக்கியது. 1948 மார்ச் 10-ல், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மண்டபத்தில், அவர் கூட்டிய கூட்டம் நடந்தது. கலைத்துவிடலாம் என்போரும் அன்று இருந்தார்கள். விவாதித்து, தொடர்வதென்று முடிவெடுத்து, அவரையே தலைவராக்கினார்கள். காந்தியடிகள் சுடப்பட்டு ஆறு வாரம்கூட ஆகாத நேரம் அது. லீக் என்று பெயர்ப்பலகை மாட்டவே துணிவு வேண்டும்.

அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். ஆட்சிமொழி விவாதத்தில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே முதல் உரிமை என்ற கருத்தை எடுத்துவைத்தார். 1949 மே மாதம், முஸ்லிம்களுக்கு இட ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சர்தார் பட்டேல் கடுமையாக எதிர்த்தார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்றோர் மறுத்துப் பேசினார்கள். திருத்தம் தோற்றது.

இதில் நம்மில் பலருக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். பல இனத்தவரும் ஒரே பெட்டியில் வாக்குப் போடும் நாட்டில் வளர்ந்த நமக்குத் தனித் தொகுதி என்பது விலகி நிற்பதாகத் தோன்றும். பட்டேல் தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நமக்குப் படுகிறது. நாம் கவனிப்பது தோற்ற பிறகு அவர் நடந்துகொண்டதை. ஆட்சேபத்தைச் சபைக்குள்ளே, விதிப்படி, முழுதாகச் சொன்னார். எண்ணிக்கை எதிராகப் போனதும் எழுந்து போய்விடவில்லை. புதிய சட்டப்படி பொதுத் தொகுதியில் போட்டியிடக் கட்சியைத் தயார் செய்தார். பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் தே தாரிக் கடையில் தேர்தல் செல்லாது என்று சொல்லும் வழக்கம் நம் சங்கங்களில் புதிதல்ல. அவர் வழி அதற்கு நேர் எதிர்.

1952-ல் பொதுத் தொகுதிகளில் நடந்த முதல் தேர்தலில் லீக்குக்குச் சென்னைச் சட்டமன்றத்தில் 5 இடங்களே கிடைத்தன. மலப்புரத்திலிருந்து போக்கர் சாகிப் மக்களவைக்குப் போனார். 28 எங்கே, 5 எங்கே! காங்கிரசுக்கும் அடிதான். 375-ல் 152 மட்டும் பெற்றது, முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றார். பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு எதிர்த்தரப்பினர் ஆட்சி கேட்டபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா தேர்தலில் நிற்காத ராஜாஜியை அழைத்து மேலவை உறுப்பினராக்கினார். கம்யூனிஸ்ட் தலைவர் ராமமூர்த்தி உயர்நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த ஆண்டே இஸ்மாயில் சாகிப் மாநிலங்களவை உறுப்பினராகி டில்லி சென்றார்.

கேரளத்தில் 1960 தேர்தலில் லீக், காங்கிரசோடும் பிரஜா சோஷலிஸ்டுகளோடும் சேர்ந்து கம்யூனிஸ்டுகளைத் தோற்கடித்தது. வென்றதும் அமைச்சரவையில் லீக்குக்கு இடமில்லை என்றது காங்கிரஸ். சபாநாயகர் பதவி மட்டும் சீதி சாகிபுக்குக் கிடைத்தது. அவர் 1961-ல் மறைந்தபோது, அந்த நாற்காலியில் அமர சி.எச். முகம்மது கோயா லீக் உறுப்பினர் பதவியையே விட வேண்டியிருந்தது. கூட்டணி முறிந்தது. 1962-ல் மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் இஸ்மாயில் சாகிப் நின்று வென்றார். 1967-லும் 1971-லும் அங்கேயே வென்றார். தனித் தொகுதி கேட்டவர், மலையாளம் பேசும் ஊரில், பொதுத் தொகுதியில், மூன்று முறை! மஞ்சேரியில் முஸ்லிம் வாக்காளர்கள் மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1967-ல் தமிழ்நாட்டில் அண்ணாவோடு கூட்டணி வைத்தார். அதே ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக் இடம்பெற்றது, கோயா கல்வி அமைச்சரானார்.

1972 ஏப்ரல் 5-ல், மஞ்சேரி உறுப்பினராக இருக்கும்போதே, காயிதே மில்லத் இறையடி சேர்ந்தார். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் லீக் நிறுத்தி வென்றவர், முன்பு ஒரு நாற்காலிக்காகக் கட்சியை விட வேண்டியிருந்த அதே முகம்மது கோயா.