ஊருக்கே தோட்டம் தந்த ஹென்றி ஷா: ஒரு வாழ்க்கையின் இரு பக்கங்கள்

சிங்கப்பூர் பூமலை இப்போதைய இடத்தில் உருவானது 1859ஆம் ஆண்டில். அதே ஆண்டில், உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலும் ஒரு தாவரவியல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பூமலையைத் தொடங்கியது தோட்டக்கலையில் ஆர்வம் கொண்ட ஒரு சங்கம். செயின்ட் லூயிஸ் தோட்டத்தையோ ஒரு தனிமனிதர் தம் சொந்தப் பணத்தில் உருவாக்கினார். அவர் பெயர் ஹென்றி ஷா.

இன்று அது மிசூரி தாவரவியல் தோட்டம் என்று அழைக்கப்படுகிறது. தாவர ஆய்வில் உலகின் முன்னணி நிலையங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. அதை உருவாக்கியவரின் வாழ்க்கையைப் படிக்கும்போது வியப்பு ஏற்படுகிறது. ஒரு கட்டத்தில் மனம் கனக்கவும் செய்கிறது.

கத்தி விற்க வந்த இளைஞர்

ஹென்றி ஷா 1800ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். கத்திகளுக்கும் எஃகுப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அவருடைய தந்தையும் இரும்புப் பொருள் தொழிலில் இருந்தவர். லண்டனுக்கு அருகிலுள்ள மில் ஹில் பள்ளியில் ஷா படித்தார். பீட்டர் காலின்சன் என்ற தாவரவியல் ஆர்வலர் ஒரு காலத்தில் வாழ்ந்த இடத்தில் அமைந்த பள்ளி அது. அவர் நட்ட அரிய மரங்கள் சில அங்கு இருந்தன.

தந்தையின் தொழில் நலிந்ததால் ஷாவின் படிப்பு பாதியில் நின்றது. 1818ஆம் ஆண்டு தந்தையும் மகனும் கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றனர். அங்கிருந்து நியூ ஓர்லியன்ஸ் சென்ற ஷா, பின்னர் நீராவிப் படகில் மிசிசிப்பி ஆற்றின் வழியாக வடக்கே பயணமானார். 1819ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி அவர் செயின்ட் லூயிசில் இறங்கியபோது வயது 18.

அப்போது அது சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த சிற்றூர். பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் அங்கு நிறைய இருந்தன. பள்ளியில் கற்ற பிரெஞ்சு மொழி ஷாவுக்குக் கைகொடுத்தது. உறவினர் தந்த முதலுடன், ஷெஃபீல்டிலிருந்து கத்தி, கோடரி, கருவிகள் ஆகியவற்றை வரவழைத்து விற்கத் தொடங்கினார். தொடக்கத்தில் கடை, சமையல், தூக்கம் எல்லாம் ஒரே அறையில்தான்.

ஊரின் இருப்பிடம் அவருக்குச் சாதகமாக அமைந்தது. மேற்கே புதிய நிலம் தேடிச் சென்ற குடியேறிகளும் வணிகர்களும் படைவீரர்களும் செயின்ட் லூயிசில்தான் பொருள் வாங்கிச் சென்றார்கள். கருவி இல்லாமல் காட்டை வெட்டவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. அதனால் ஷாவின் சரக்கு தேங்கிக் கிடக்கவில்லை.

நாற்பதில் போதும் என்றவர்

1839ஆம் ஆண்டில் கடைக்கு ஏறத்தாழ 25,000 டாலர் லாபம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. ஓர் ஆண்டில் இவ்வளவு ஈட்டியது போதும் என்று முடிவு செய்த ஷா, நாற்பது வயதில் கடையிலிருந்து விலகினார்.

ஆனால் அவருடைய பணம் ஓய்வெடுக்கவில்லை. ஊர் வளர்வதற்கு முன்பே அவர் நிலங்களை வாங்கியிருந்தார். அவற்றைக் குத்தகைக்கு விட்டார், வட்டிக்குக் கடன் கொடுத்தார். நகரம் பெருகப் பெருக நிலத்தின் மதிப்பும் வாடகையும் உயர்ந்தன. கருவி விற்ற வணிகர் நகரின் பெரும் செல்வர்களுள் ஒருவரானார்.

திருமணம் செய்துகொள்ளாத அவர், அடுத்த பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியை ஐரோப்பியப் பயணங்களில் கழித்தார். இடையே, ஊருக்கு மேற்கே இருந்த புல்வெளியில் தமக்கென ஒரு மாளிகையைக் கட்டினார். 1849ஆம் ஆண்டில் எழுந்த அந்த வீட்டின் பெயர் டவர் குரோவ்.

1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியைப் பார்க்க ஷா இங்கிலாந்து சென்றார். அப்போது, பிறந்த ஊருக்கு அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டத்தையும் சுற்றிப் பார்த்தார். ஒரு கோமகனுக்குச் சொந்தமான தோட்டம் அது. அதன் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன்தான், கண்காட்சி நடந்த கண்ணாடி மாளிகையையும் வடிவமைத்தவர். இப்படியொரு தோட்டத்தைத் தம்முடைய ஊரிலும் ஏன் அமைக்கக்கூடாது என்ற எண்ணம் ஷாவுக்கு அங்கே பிறந்தது.

அழகு மட்டும் போதாது

ஷா தாவரவியல் அறிஞர் அல்லர். செடிகளை நேசித்த வணிகர். அழகான பூந்தோட்டம் ஒன்றை அமைப்பதே அவருடைய முதல் எண்ணம். அவரை வேறு பாதைக்குத் திருப்பியவர் ஜார்ஜ் எங்கல்மன். செயின்ட் லூயிசில் மருத்துவராக இருந்துகொண்டே தாவரங்களை ஆராய்ந்தவர் அவர். இங்கிலாந்தின் கியூ தோட்டத்தை வழிநடத்திய வில்லியம் ஜாக்சன் ஹூக்கரின் ஆலோசனையையும் ஷா கேட்டார்.

தோட்டம் என்றால் அங்கு நூலகமும் உலர்தாவரச் சேகரிப்பும் இருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கருத்து. உலர்தாவரச் சேகரிப்பு என்பது, செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, அது எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டது என்று குறித்துவைப்பது. ஒரு செடி புதிய இனமா, ஏற்கெனவே அறியப்பட்டதா என்பதை இத்தகைய தாள்களோடு ஒப்பிட்டே அறிஞர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஷா அந்த அறிவுரையை ஏற்றார். ஐரோப்பா சென்ற எங்கல்மன், மறைந்த ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்டியின் சேகரிப்பை ஷாவின் பணத்தில் வாங்கினார். ஏறத்தாழ 60,000 மாதிரிகள் வெறும் 600 டாலருக்குக் கிடைத்தன. அவற்றோடு தொடங்கிய சேகரிப்பில் இன்று சுமார் 70 லட்சம் மாதிரிகள் உள்ளன.

ஆற்றங்கரையில் ஓர் இரவு

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு நிகழ்வும் ஷாவின் வாழ்க்கையைச் சேர்ந்தது.

மிசூரி, அடிமைமுறையை அனுமதித்த மாநிலமாக 1821ஆம் ஆண்டு அமெரிக்காவில் இணைந்தது. கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை 1847ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தால் தடைசெய்த மாநிலமும் அதுதான். அடிமைமுறை இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த ஷா, 1828ஆம் ஆண்டு முதல் மனிதர்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்தார்.

மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் இருந்த இல்லினாய், அடிமைமுறையை ஏற்காத மாநிலம். 1855ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, அடிமைப்பட்டிருந்த சிலர் ரகசியமாகப் படகேறி ஆற்றைக் கடந்தார்கள். சுதந்திரமாக வாழ்ந்த மேரி மீச்சம் என்ற கறுப்பினப் பெண்மணி அவர்களுக்கு உதவினார். படகில் இருந்தவர்களுள் எஸ்தர் என்ற பெண்ணும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஷாவுக்குச் சொந்தமானவர்கள் என்று சட்டம் சொன்னது.

மறுகரையில் அவர்களைப் பிடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள். சிலர் தப்பினர். எஸ்தரும் பிள்ளைகளும் பிடிபட்டனர். மேரி மீச்சம்மீது வழக்குப் போடப்பட்டது. தப்ப முயன்றதற்குத் தண்டனையாக, ஷா எஸ்தரைத் தெற்கே விக்ஸ்பர்க் நகருக்கு விற்றுவிட்டார். பிள்ளைகளிடமிருந்து தாய் பிரிக்கப்பட்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தோட்டத்தின் வாயில் ஊராருக்குத் திறந்தது. மிசூரியில் அடிமைமுறை ஒழிய 1865ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமக்குப் பின்னும் நிலைக்க

தோட்டத்தை ஊருக்குத் தந்ததோடு ஷா நிறுத்திக்கொள்ளவில்லை. தோட்டத்தை ஒட்டியிருந்த பரந்த நிலத்தை 1868ஆம் ஆண்டில் நகருக்கு வழங்கினார். அது டவர் குரோவ் பூங்கா ஆனது. 1882ஆம் ஆண்டில் அவர் கட்டிய லின்னியன் கண்ணாடி மனையில் இன்றும் செடிகள் வளர்கின்றன. 1885ஆம் ஆண்டில் அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பள்ளி ஒன்றை நிறுவினார். அதன் முதல் பேராசிரியர் பதவிக்கு, அதற்கு முந்தைய ஆண்டு காலமான எங்கல்மனின் பெயர் சூட்டப்பட்டது. அப்பதவியை ஏற்ற வில்லியம் டிரிலீஸ், பின்னர் தோட்டத்தின் முதல் இயக்குநரானார்.

வணிகரான ஷாவுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தோட்டத்தை அமைக்க ஒருமுறை செலவழித்தால் போதும், காப்பாற்றவோ ஆண்டுதோறும் பணம் வேண்டும். கூலி, விதை, உரம், கண்ணாடி, நூல் என்று செலவு ஓயாது. ஆகவே தம் சொத்தின் பெரும்பகுதியை, வாடகை தரும் நிலங்கள் உட்பட, அறங்காவலர்கள் பொறுப்பில் தோட்டத்துக்கே எழுதிவைத்தார். கொடையாளர் மறைந்த பிறகும் தோட்டம் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

1889ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, தம் 89ஆம் வயதில், தோட்டத்து வீட்டிலேயே ஷா காலமானார். உயிரோடிருந்தபோதே தாம் கட்டிவைத்த கல்லறை மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே சலவைக்கல்லில் படுத்திருக்கும் அவருடைய உருவம் கையில் ஒரு ரோஜாவை ஏந்தியிருக்கிறது.

முழுக் கணக்கு

இன்று தோட்டத்தின் பரப்பு 79 ஏக்கர். 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட, கிளைமட்ரான் எனும் கவிகை வடிவக் கண்ணாடி மனைக்குள் வெப்பமண்டல மழைக்காடே வளர்கிறது. அழியும் நிலையிலுள்ள செடிகளைக் காக்கும் பணியில் இங்குள்ள ஆய்வாளர்கள் பல நாடுகளில் ஈடுபட்டுள்ளனர். ஷா கொடுக்காமல் போயிருந்தால் இவை இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி கடையிலும் நிலத்திலும் வந்தது. ஆயினும் அவருடைய வசதியான வாழ்வில் கூலி பெறாமல் உழைத்த மனிதர்களின் பங்கும் உண்டு. நீண்ட காலம் வாழ்க்கை வரலாறுகள் அவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று கடந்துபோவதும் எளிது. ஆனால் அதே காலத்தில், அதே ஊரில்தான், தண்டனைக்கு அஞ்சாமல் படகை ஏற்பாடு செய்த மேரி மீச்சமும் வாழ்ந்தார்.

அந்த ஆற்றங்கரை, விடுதலைக்கான பாதைகளுள் ஒன்றாக 2001ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டது. அது இப்போது மேரி மீச்சமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷா அடிமைகளை வைத்திருந்ததைத் தாவரவியல் தோட்டமும் இன்று மறைப்பதில்லை.

நாம் படிக்கும் இடங்களிலும் கொடையாளர்களின் பெயர் தாங்கிய நூலகங்களும் அரங்குகளும் உபகாரச் சம்பளங்களும் இருக்கின்றன. அவற்றால் பயனடையும்போது நன்றி சொல்வது முறை. அந்தச் செல்வம் எப்படி வந்தது, அதற்கு யாரெல்லாம் உழைத்தார்கள் என்று கேட்பதும் படித்தவர் கடமை. ஷா தம் வரவு செலவைத் துல்லியமாக எழுதிவைத்த வணிகர். அவருடைய வாழ்க்கைக் கணக்கில் எஸ்தரின் பெயரும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.