ஜே. ஆர். டி. டாட்டா

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா (ஜூலை 29, 1904 – நவம்பர் 29, 1993) இந்தியத் தொழிலதிபரும் விமானியும் ஆவார். இந்தியாவில் விமான ஓட்டுநர் உரிமம் பெற்ற முதல் இந்தியர் இவரே. பரவலாக ஜே. ஆர். டி. என அறியப்பட்டார்.

இளமை

பாரிசில் பிறந்தார். தந்தை இந்தியப் பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறையில் குடும்பம் தங்கிய கடற்கரை ஊரில், ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் இருந்தது. விமானத்தின் மீதான ஆர்வம் அங்கேயே வேரூன்றியது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்க விரும்பினார். ஆனால் தந்தையின் அழைப்பால் 1925இல் இந்தியா வந்து குடும்பத் தொழிலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்ததால் குடும்பப் பொறுப்பு இவர் மேல் விழுந்தது.

விமானப் பயிற்சி

அக்காலத்தில் விமானியாவதற்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று படைத்துறைப் பயிற்சி. இந்தியர்கள் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் சேர்ந்தது 1930இல்தான். இந்திய விமானப்படை 1932இல்தான் தோன்றியது. மற்றொன்று, 1920களின் இறுதியில் தொடங்கப்பட்ட விமானக் கழகங்கள். தொழிலை விட்டு நீண்டகாலம் விலக இயலாத இவருக்குக் கழகமே ஏற்றதாயிற்று. பம்பாய் விமானக் கழகத்தில் பயின்று, 1929 பிப்ரவரி 10 அன்று எண் 1 இட்ட உரிமத்தைப் பெற்றார். அந்நாளைய 'ஏ' உரிமம் சொந்தப் பறப்புக்கு மட்டுமே. கூலிக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கடினமான 'பி' உரிமம் வேண்டும்.

ஆகாகான் போட்டி

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தார். 1930இல் கராச்சியிலிருந்து புறப்பட்ட ஜே. ஆர். டி., எகிப்தில் அபுகீரில் இறங்கியபோது, எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஆஸ்பி எஞ்சினியர் தீப்பொறிச் செருகிகள் இல்லாமல் தவித்துக் கொண்டிருந்தார். தம்மிடம் இருந்த உபரிச் செருகிகளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். பரிசு ஆஸ்பிக்குச் சென்றது. பதின்வயது இளைஞரான அவர் பின்னர் கிரான்வெல் வழியைத் தேர்ந்து, 1960இல் இந்திய விமானப்படைத் தளபதியானார். கழகப் பயிற்சியோடு நின்ற ஜே. ஆர். டி. விமான நிறுவனம் அமைத்தார்.

விமான அஞ்சல்

1932 அக்டோபர் 15 அன்று புஸ் மாத் விமானத்தில் அஞ்சல் பைகளுடன் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். இவர் பிரித்தானிய விமானப்படையில் பயின்றவர். இரு வழிகளில் பயின்றவர்களும் ஒரே தடத்தில் இணைந்த நிகழ்வு இது. இச்சேவையே 1946இல் ஏர் இந்தியா எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1953இல் நாட்டுடைமையான பின்னரும் 1978 வரை தலைவராக இருந்தார்.

இறுதிக் காலம்

அந்த முதல் பறப்பை 1962இலும், 78ஆம் வயதில் 1982இலும் மீண்டும் நிகழ்த்தினார். 1992இல் பாரத ரத்னா பெற்றார். ஜெனீவாவில் காலமானார், பாரிசில் அடக்கம் செய்யப்பட்டார். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது.