தெருப் பிள்ளைகளைத் தலைவர்களாக்கிய வாத்தியார்: அன்டன் மகரென்கோ

ஃபெட் கேமரா பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? பழைய கேமரா சேகரிக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். ஜெர்மனியின் லைக்கா கேமராவைப் பார்த்து சோவியத் யூனியனில் செய்த கேமரா அது. ஏறத்தாழ 300 பாகங்கள், மைக்ரான் கணக்கில் துல்லியம். 1930-களில் உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பக்கத்தில் லேத் முன்னாடி நின்று அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மைவிடச் சின்னப் பசங்க. அதிலும் நிறைய பேர், சில வருஷம் முன்னாடி வரை ரயில்வே ஸ்டேஷனில் படுத்துத் தூங்கி, திருடிச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் அன்டன் செமியோனோவிச் மகரென்கோ.

ரயில்வே பெயின்டரின் மகன்

1888 மார்ச் 13-ஆம் தேதி, உக்ரைனில் உள்ள பெலோபோலியே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிக்கிற வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1905-ல், 17 வயதிலேயே ரயில்வே பள்ளியில் வாத்தியார் ஆகிவிட்டார். பிறகு பொல்தாவா நகரத்து ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்து 1917-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

நடுவில் எழுத்தாளர் ஆகும் ஆசையும் இருந்தது. ஒரு கதை எழுதி மாக்சிம் கார்க்கிக்கு அனுப்பினார். கரு நல்லா இருக்கு, எழுதின விதம் சரியில்லை என்கிற மாதிரி பதில் வந்தது. மனுஷன் பல வருஷம் கதைப் பக்கமே போகவில்லை.

கவனிக்க ஆளில்லாதவர்கள்

முதல் உலகப்போர், புரட்சி, உள்நாட்டுப் போர், 1921-ன் பஞ்சம். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில் லட்சக்கணக்கான குழந்தைகள் தெருவுக்கு வந்தார்கள். 1922-ல் இந்த எண்ணிக்கை 70 லட்சம் வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. ரஷ்ய மொழியில் இவர்களை பெஸ்பிரிஜோர்னிகி என்றார்கள். கவனிக்க ஆளில்லாதவர்கள் என்று பொருள்.

1920-ல் பொல்தாவா பக்கத்தில் இப்படிப்பட்ட பசங்களுக்கு ஒரு காலனி நடத்தச் சொல்லி மகரென்கோவைக் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் இடிந்த கட்டடங்கள்தான் மிச்சம். ஜன்னல், கதவு, அடுப்பு என்று கழட்ட முடிந்ததை எல்லாம் யாரோ கழட்டிக்கொண்டு போயிருந்தார்கள். டிசம்பரில் முதல் ஆறு பேர் வந்தார்கள். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, விறகு வெட்டவில்லை, ராத்திரி ரோட்டில் போகிறவர்களிடம் வழிப்பறி செய்யக் கிளம்பினார்கள்.

ஒருநாள் பொறுமை போய், எதிர்த்துப் பேசின ஒருவனை அடித்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் விறகு வெட்டப் போனது உண்மைதான். ஆனால் அதை அவர் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. தன் தோல்வி என்றுதான் பின்னாளில் தன் நூலில் எழுதினார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஆனாலும் அடித்தது அடித்ததுதான். அதை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

எண்ணாமல் வாங்கிய பணம்

காலனிக்கு வருகிற பையன் என்ன குற்றம் செய்தான் என்ற ஃபைலை ஒரு கட்டத்தில் அவர் படிப்பதையே நிறுத்திவிட்டார். வந்த நாளிலிருந்து அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கணக்கு.

செமியோன் கலபாலின் என்ற பையனை சிறையிலிருந்து அழைத்துவர இவரே நேரில் போனார். கையெழுத்து போடுகிற நேரத்தில் அவனைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். ஒரு பொருளை வாங்கிக்கொண்ட மாதிரி தனக்காக ரசீது எழுதுவதை அவன் பார்க்கக்கூடாது என்று நினைத்தார். இதை அவனிடம் பத்து வருஷம் கழித்துத்தான் சொன்னார். மகரென்கோவின் நூலில் இவனுக்கு கரபானோவ் என்று பெயர்.

அடுத்தது, படித்ததும் என்னை நிறுத்திய இடம். அதே பையனிடம் குதிரையைக் கொடுத்து, நகரத்துக்குப் போய் 500 ரூபிள் வாங்கி வரச் சொன்னார். திருட்டில் பழகியவன். ஓடிப்போனால் கேட்க ஆளில்லை. பணத்தோடு திரும்பி வந்து எண்ணிப் பாருங்கள் என்றான். நீ எண்ணிவிட்டாய் இல்லையா, போதும் என்று எண்ணாமலேயே மேசைக்குள் வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் மறுபடி அனுப்பினார், இந்த முறை 2000 ரூபிள். அதுவும் வந்து சேர்ந்தது.

நாம் வழக்கமாக என்ன செய்வோம்? முதலில் திருந்தட்டும், அப்புறம் பொறுப்பு கொடுக்கலாம் என்போம். இவர் வரிசையை மாற்றிப் போட்டார். பொறுப்பு முதலில், மாற்றம் அதற்குப் பின்னால்.

இன்று கமாண்டர், நாளை கூலி

காலனி வளர வளர, பசங்களைச் சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கமாண்டர். எல்லா கமாண்டர்களும் சேர்ந்தது கமாண்டர்கள் சபை. வேலைப் பங்கீடு, புதுப் பையனை எந்த அணியில் சேர்ப்பது, தப்பு செய்தவனை என்ன செய்வது எல்லாம் அங்கே பேசி முடிவாகும்.

இதில் ஒரு சிக்கல் வரும். கமாண்டர் ஆனவன் குட்டி ராஜா ஆகிவிடுவான். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி தற்காலிக அணி. ஒரு வயலை உழ வேண்டும் என்றால் அந்த வேலைக்கு மட்டும் ஒரு அணி, அதற்கு ஒரு தற்காலிகக் கமாண்டர். வேலை முடிந்ததும் அணி கலைந்துவிடும். இப்படி அடிக்கடி புது அணி போட்டதால், காலனியில் பெரும்பாலானவர்களுக்கு வழிநடத்துகிற வாய்ப்பு கிடைத்தது. நிரந்தரக் கமாண்டராக இருப்பவனே நாளைக்கு ஒரு சாதாரணப் பையன் சொல்வதைக் கேட்டு மண்வெட்டி பிடிக்க வேண்டும். கமாண்டருக்குக் கூடுதல் சாப்பாடு, நல்ல உடுப்பு, வேலையிலிருந்து விலக்கு எதுவும் கிடையாது.

காலனிக்கு கார்க்கியின் பெயரை வைத்தார்கள். அவரும் சின்ன வயதில் பெற்றோரை இழந்து ஊர் ஊராக அலைந்தவர் என்பதால் பசங்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. கடிதங்கள் போயின, வந்தன. 1928 ஜூலையில் கார்க்கி நேரிலேயே வந்து அவர்களோடு தங்கினார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பெரிய சோதனை ஒன்று நடந்திருந்தது. 1926-ல் கார்கிவ் பக்கம் குரியாஜ் என்ற இடத்தில், கவனிப்பில்லாமல் சீரழிந்து கிடந்த இன்னொரு காலனியை எடுத்து நடத்தச் சொன்னார்கள். அங்கே 280 பேர். இவருடைய பசங்க 120 பேர்தான். இருந்த இடத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் போவது என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். அந்த 280 பேரை மாற்றியது மகரென்கோவின் அறிவுரை இல்லை. தெருவில் கிடந்து எழுந்துவந்த அந்த 120 பேரும் பக்கத்தில் நின்று வேலை செய்ததுதான்.

டிரில், கேமரா, கல்லூரி

எல்லோரும் பாராட்டவில்லை. அணிவகுப்பு, சல்யூட், தண்டனை எல்லாம் பட்டாளம் மாதிரி இருக்கிறது என்று கல்வித்துறையில் கடுமையான விமர்சனம் வந்தது. 1928-ல் கார்க்கி காலனியை விட்டு வெளியேறினார். அதற்குள், 1927 கடைசியில் கார்கிவ் அருகே தொடங்கிய ஜெர்ஜின்ஸ்கி கம்யூன் அவர் பொறுப்பில் இருந்தது.

அங்கே பாதி நாள் படிப்பு, பாதி நாள் தொழிற்சாலை. 1932-ல் எலக்ட்ரிக் டிரில், அதன் பிறகு ஃபெட் கேமரா. உயர்கல்விக்குத் தயார்படுத்தும் தொழிலாளர் பள்ளியும் கம்யூனுக்குள்ளேயே வந்தது. அதாவது, தெருவிலிருந்து வந்த பையன் டூல் ரூம் வழியாக இன்ஜினியரிங் வரை போக ஒரு ரூட் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இந்த கம்யூனை நடத்தியது சோவியத் ரகசியப் போலீஸ். ஃபெட் என்பதே அதை உருவாக்கிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் எழுத்துகள். உள்ளே பசங்க வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருந்த 1932-33-ல், வெளியே உக்ரைன் கிராமங்களில் மக்கள் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குக் காரணமான அரசின் கை, இந்தப் பசங்களைத் தூக்கிவிட்ட அதே கைதான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

காலனி அனுபவங்களை அவர் 'பெடகாஜிக்கல் போயம்' என்ற பெரிய நூலாக எழுதினார். 1933 முதல் 1935 வரை மூன்று பாகங்களாக வெளியானது. ஒருகாலத்தில் கதையைக் குறை சொன்ன அதே கார்க்கிதான் இதை எழுதச் சொல்லித் தூண்டி, வெளியிட உதவினார். 1939 ஏப்ரல் 1-ஆம் தேதி, மாஸ்கோ அருகே கோலிட்சினோ ஸ்டேஷனில் ரயிலில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 51. அவர் கையில் வளர்ந்தவர்கள் சுமார் 3000 பேர்.

எண்ணாமல் பணம் வாங்கினாரே, அந்த கலபாலின்? அவர் வாத்தியார் ஆனார். வாழ்நாள் முழுக்க அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களை நடத்தி 1972-ல் இறந்தார்.

இதைப் படித்தபோது எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியம்தான் ஞாபகம் வந்தது. நாலு வருஷமும் அதே மூணு பேர்தான் கோஆர்டினேட்டர், நானும் அதில் ஒருத்தன். மீதிப் பேர் சேர் தூக்கினார்கள். அவங்களுக்குப் பொறுப்பு வராது என்று நாங்களே முடிவு பண்ணிவிட்டோம், கொடுத்துப் பார்த்ததே இல்லை. இந்த வருஷம் ஒவ்வொரு ஈவென்டுக்கும், இதுவரை எதற்கும் தலைமை தாங்காத ஜூனியர்தான் ஹெட். நான் ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில், ஒரு செகண்ட் இயர் பையன் சொல்கிற வேலையைச் செய்யப்போகிறேன். கல்லாப்பெட்டி சாவியும் அவனிடம்தான்.