காசைப் படித்தவர்

எங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுரக் காசு ஒன்று உண்டு. அவர் தாயார் கொடுத்தது. சுங்கை பட்டாணிக்கு அருகே எங்கள் தோட்டத்தில் அதைப் பார்ப்பவரெல்லாம் என்ன விலை போகும் என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஜேம்ஸ் பிரின்செப்பின் வரலாற்றைப் படித்த பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

1799இல் இங்கிலாந்தில் பிறந்தவர் அவர். கட்டடக் கலை பயிலப் போய், பார்வை கெட்டதால் அதை விட்டார். 1819இல் கல்கத்தா நாணயச் சாலைக்கு வந்தார். பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் காசியில். பொன், வெள்ளிக்கு மாற்றுப் பார்ப்பதே தொழில்.

1832இல் ஆசியக் கழகத்தின் செயலாளர் ஆனதும் பழங்காசுகள் அவரைத் தேடி வரத் தொடங்கின. ரஞ்சித் சிங்கின் படைத்தலைவர் வெஞ்சுரா 1830இல் மாணிக்கியாலா தூபியைத் தோண்டி எடுத்த பொருள்களும் வந்தன. குஷாணர் பொற்காசுகளில் இருந்ததோ கிரேக்க எழுத்து! அவர்களுக்கு முன் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசர்களின் காசுகளில் பொன் மிக அரிது. பெரும்பாலும் வெள்ளியும் செம்பும்தான். ஆனால் மாற்றுப் பார்க்கும் இந்த மனிதருக்கு உலோகம் பெரிதாகப் படவில்லை. ஒரு பக்கம் கிரேக்கத்தில் அரசன் பெயர். மறுபக்கம் எவராலும் படிக்க முடியாத எழுத்து. மெனாண்டர், அப்பொல்லோடோட்டஸ் என்று தெரிந்த பெயரை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிக்கலாம் அல்லவா? இந்த வழியை அவருக்குக் காட்டியவர் ஆப்கானிஸ்தானில் காசு திரட்டிய சார்லஸ் மேசன் (அவர் கும்பினிப் படையிலிருந்து ஓடிப்போனவர் என்பது தனிக்கதை). கரோஷ்டி எழுத்து அப்படித்தான் பிடிபடத் தொடங்கியது.

1837இல் பிராமியையும் படித்தார். அதனால்தான் அசோகனின் கிர்னார் பாறை வாய் திறந்தது. அதன் இரண்டாம் சாசனத்தில் சோழர், பாண்டியர் பெயர்களும் அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசன் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் பகுதிக்கும் இதில் உறவு உண்டு. 1834இல் ஜேம்ஸ் லோ இன்றைய செபராங் பிறையில் கண்டெடுத்த புத்தகுப்தன் கல்வெட்டு, பிராமியின் வழிவந்த பல்லவ எழுத்தில் உள்ளது. அந்தக் கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓயாத உழைப்பு பிரின்செப்பின் உடலை முறித்தது. 1838இல் நோயோடு கப்பலேறியவர், 1840இல் லண்டனில் இறந்தார். வயது நாற்பதுதான். அவர் சேர்த்த காசுகள் 1847இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன.

கடந்த விடுமுறையில் பாட்டியின் காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1941 என்றிருந்தது. ஜப்பான்காரன் கெடாவுக்குள் நுழைந்த ஆண்டு. பாட்டியிடம் சொன்னேன். காசை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தன் தாயாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.