தமிழ் மேடைக்கு வழி திறந்த நாவலர்

கெலாங் பாத்தா: ஆலயத் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் ஒலிவாங்கி முன் நின்று பேசுவது நம்மவர்களுக்கு இயல்பான ஒன்று. ஆனால், பொதுமக்களைக் கூட்டி, ஒரு கருத்தை விளக்கி, அவர்கள் மனத்தை இணங்க வைக்கும் மேடைப் பேச்சு தமிழில் வேரூன்றி 200 ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர்.

கிரேக்கர்களிடம் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே பேச்சு ஒரு பாடமாகிவிட்டது. சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் கொடுங்கோலாட்சி வீழ்ந்ததும், பறிபோன நிலங்களுக்காக மக்கள் வழக்காடினர். அவர்களுக்கு வாதிடக் கற்றுக் கொடுத்தவர் கொராக்ஸ் என்பது மரபுச் செய்தி. பேசுபவரின் நன்மதிப்பு, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் காரணம் ஆகிய மூன்றுமே ஒருவரை இணங்க வைக்கும் எனப் பின்னாளில் அரிஸ்டாட்டில் வகுத்தார்.

நாவலர் 1822 டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரில் பிறந்தார். இயற்பெயர் ஆறுமுகம். மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானார். பாதிரியார் பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். பாதிரிமார் எளிய உரைநடையில் மக்களிடம் பேசுவதை அருகிலிருந்து கவனித்தார். சைவர்களிடமோ அப்போது புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லும் வழக்கமே இருந்தது.

1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் தமது முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அது நடந்தது. மறு ஆண்டே அவ்வூரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் வேலையையும் சம்பளத்தையும் துறந்தார். பேச்சுக்காகப் பிழைப்பையே விட்டவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை கூடியது. 1849இல் தமிழகம் சென்றபோது, அவர் ஆற்றிய உரையைப் பாராட்டித் திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் அளித்தது. அச்சுக்கூடம் நிறுவிப் பாலபாடங்களையும் சைவ நூல்களையும் வெளியிட்டார்.

1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியது. நாவலர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியாற்றினார். 1879இல் சட்டசபைத் தமிழ்ப் பிரதிநிதி இடம் காலியானபோது, பொன்னம்பலம் இராமநாதனுக்காக ஆதரவு திரட்டினார். இராமநாதனே நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் நாவலர் மறைந்தார்.

சாதி வேற்றுமையை அவர் கைவிடவில்லை என்பதையும் மறைக்க முடியாது. உழைக்கும் மக்களில் பலர் அவர் வட்டத்துக்கு வெளியிலேயே நின்றனர். அந்த வேலியை உடைத்துப் பேசிய மேடைகள் பின்னரே வந்தன. 1929இல் ஈ.வெ.ரா. பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியதும் அந்த வரிசையில் சேரும்.

இன்று தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு மனப்பாடப் பேச்சு மட்டும் போதாது. சொல்வதற்குக் காரணம் காட்டவும், சொன்னபடி நடக்கவும் பழக்குவதே பெற்றோர், ஆசிரியர் கடமை.