சூரியநாராயண சாஸ்திரியாரும் கலாசாலை நாடகமும்

கலாசாலை விழா நாட்களில் மாணவர் நாடகம் ஆடுவதும், ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்து கண்டு களிப்பதும் நமக்குப் புதியன அல்ல. முகத்திற் பூச்சும் தலையிற் பொய்ம்முடியும் தரித்து அரங்கேறும் மாணவனை அக்காரணம் பற்றி எவரும் இகழ்வதில்லை. ஆயினும், நாடகம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே கற்றோர் முகஞ்சுளித்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தே, கிறிஸ்தவக் கலாசாலையொன்றின் தமிழாசிரியர் ஒருவர் நாடகங்கள் இயற்றினார். நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தார். அவற்றோடு அமையாது, தாமே பெண்வேடம் பூண்டு அரங்கிலும் நின்றார். அவரே வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரால் தமிழுலகம் அவரை நன்கறியும். இத்தனையும் செய்து முடிக்க அவருக்கு வாய்த்த வாழ்நாள் முப்பத்துமூன்று ஆண்டுகளே.

மதுரைக்கு அணித்தாயுள்ள விளாச்சேரி என்னும் சிற்றூரிலே, கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் புதல்வராக, 1870-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையாரிடம் வடமொழியும், மதுரையிலே சபாபதி முதலியாரிடம் தமிழ் நூல்களும் கற்றார். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலை 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு மாற்றப்பட்டது. இவர் பயின்ற நாட்களில் சென்னை நகரின் நடுவே, கடைத்தெருக்களின் ஆரவாரத்திடையே இருந்தது. 1892-ஆம் ஆண்டில் பி. ஏ. பரீட்சையில் தமிழிலும் தத்துவ சாஸ்திரத்திலும் முதன்மையாகத் தேறி, பாஸ்கர சேதுபதி மன்னர் ஏற்படுத்திய பொற்பதக்கத்தைப் பெற்றார்.

கலாசாலைத் தலைவர் டாக்டர் மில்லர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். அவற்றைப் பற்றி நூல்களும் எழுதியவர். ஒருநாள் அவர் வகுப்பிலே டென்னிசன் என்னும் ஆங்கிலக் கவி ஓடத்தை அன்னத்திற்கு ஒப்பிட்ட நயத்தை வியந்து, இத்தகைய உவமை உங்கள் மொழியில் உண்டோ என்று வினவினார் எனவும், அக்கணமே இவர் எழுந்து, குகன் செலுத்திய நாவாய் அன்னம்போற் சென்றதாகக் கம்பர் பாடிய செய்யுளை எடுத்தோதி விளக்கினார் எனவும் கூறுவர். மில்லர் அதனைக் கேட்டு மகிழ்ந்தாராம். தத்துவ சாஸ்திரம் போதிக்கும் பதவி கிடைக்கக்கூடியதாய் இருந்தும், அதனை விரும்பாது, 1893-ஆம் ஆண்டில் அக்கலாசாலையிலேயே இவர் தமிழாசிரியர் பதவியை ஏற்றார் என்பர். பட்டம் பெற்ற இளைஞர் தமிழ்ப் பண்டிதராயிருக்க நாணிய காலம் அது. தமிழ் வகுப்பு பிற வகுப்புக்களுக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று என்று காட்டுவதே அவர் மேற்கொண்ட முதற்பணி.

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்தனர் முன்னோர். எனினும் இயலை ஓதியவர்களே நாடகத்தைக் கைவிட்டனர். இவர் பட்டம் பெற்ற அதே 1892-ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலாக இறந்துபட்ட கூத்து நூல்களின் பெயர்களை அவ்வுரை கூறுகிறது. பெயர்கள் இருந்தன, நூல்கள் இல்லை. நடைமுறையிலோ, தெருக்கூத்தும் கம்பெனி நாடகமும் ஜனங்களுக்குரியனவாய்ச் செழித்திருக்க, அவற்றில் நடிப்பதைக் கற்ற குடும்பத்தார் தமக்குத் தகாத இழிதொழிலென எண்ணினர். 1891-ஆம் ஆண்டிலே சுந்தரம் பிள்ளையவர்கள் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அது படித்தற்கென எழுந்த நாடகம். அதே ஆண்டிலே பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கி, கற்றோரும் மேடையேறலாம் என்பதற்கு வழிகாட்டினார். ஆனால் கலாசாலையில் மாணவர்க்குத் தொல்காப்பியம் ஓதும் ஆசிரியர் ஒருவர் வேடந்தரிப்பது அதனினும் அரிய செயல்.

சாஸ்திரியார் அதனைத் துணிந்தார். ஆசிரியப் பதவி ஏற்ற சில ஆண்டுகளுக்குள், காணாமற்போன மகள் என்ற மறுபெயர் கொண்ட ரூபாவதி நாடகத்தை இயற்றினார். 1898-ஆம் ஆண்டிலே கலாவதி வெளிவந்தது. இந்நாடகங்களை எழுதியதோடு நில்லாது, பெண்பாத்திரங்களைத் தாமே ஏற்று நடித்தார். கற்றோர் சபைகளில் ஆடவரே பெண்வேடம் பூணுதல் அந்நாளைய வழக்கம். எனினும், மறுநாட் காலையில் அதே மாணவர் முன் நின்று பாடஞ்சொல்ல வேண்டியவர் அவர். ஆசிரியர்க்கு உயிரினும் இனியது மதிப்பு. அந்த மதிப்பை அவர் நாடகத்தின்பொருட்டுப் பணயமாக வைத்தார். வகுப்பிலே நாடகத்தமிழ் சிறந்ததென்று ஆயிரமுறை சொல்லுவதினும், ஒருமுறை தாமே ஆடிக் காட்டுவது மாணவர் உள்ளத்திற் பதியும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

ஆடிய நாடகம் திரைவிழுந்தவுடன் மறைந்துபோம். நிலைத்து நிற்பதொன்றும் வேண்டுமெனக் கருதி, 1897-ஆம் ஆண்டிலே நாடகவியல் என்னும் இலக்கண நூலை வெளியிட்டார். வடமொழி நாடக நூல்களின் கொள்கைகளையும் மேனாட்டு நாடக மரபையும் ஒப்பநோக்கி, பழைய இலக்கண முறைப்படி செய்யுளாலே நாடகத்தின் வகைகளையும் உறுப்புக்களையும் பாத்திரங்களின் இயல்பையும் நடிப்பையும் அதில் வகுத்தார். இறந்துபட்ட நூல்களை மீட்டல் எவராலும் இயலாது. அவை இருந்த இடம் வெற்றிடமாய்க் கிடக்கலாகாது என்பதே அவர் கருத்து. பின்னர், சோழன் செங்கணானாற் சிறைப்பட்டு, தாகத்திற்குக் கேட்ட நீர் காலந்தாழ்த்து வந்தமையால் அதனைப் பருகாது மானத்தோடு உயிர்துறந்த சேரமான் கணைக்காலிரும்பொறையின் வரலாற்றை மானவிஜயம் என்னும் செய்யுள் நாடகமாக்கினார். புறநானூறு 1894-ஆம் ஆண்டில் அச்சேறியது. அத்தகைய பழம்பாட்டிலிருந்து அரங்கிற்குரிய அரசனொருவன் எழுந்து வந்தது கற்றோர்க்குப் புதிய காட்சியாயிற்று.

உண்மையை மறையாது கூறுமிடத்து, இவருடைய நாடகங்கள் பெருந்திரளான ஜனங்களின் அரங்கை வென்றன அல்ல. அவற்றின் நடை உயர்ந்த செந்தமிழ் நடை. கேட்டமாத்திரத்திற் பொருள் விளங்காத இடங்கள் பலவுள. ஊர்தோறும் இரவெல்லாம் ஜனங்களை விழித்திருக்கச் செய்தவை சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் இயற்றியவையே. ஆனால் சாஸ்திரியார் கருதிய அரங்கு வேறு. இழிவென ஒதுக்கப்பட்ட ஒரு கலையைக் கலாசாலையின் உள்ளே கொண்டுவந்து, கவிதைக்கும் இலக்கணத்திற்கும் பக்கத்தே ஆசனமிட்டு இருத்துவதே அவர் நோக்கம். அது நிறைவேறிற்று.

இவற்றினிடையே, நண்பர் மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையவர்களோடு ஞானபோதினி என்னும் பத்திரிகையில் உழைத்தார். ஆங்கிலத்திலுள்ள பதினான்கடிப் பாட்டின் முறையைத் தழுவித் தனிப்பாசுரங்கள் பாடினார். தம் பெயரறிந்தோர் விருப்பு வெறுப்பின்றி அவற்றை மதிப்பிடுதல் அரிதெனக் கருதி, சூரியனைப் பரிதி என்றும், நாராயணனை மால் என்றும், சாஸ்திரியைக் கலைஞர் என்றும் பெயர்த்துப் புனைபெயர் சூடி அவற்றை வெளியிட்டார். டாக்டர் போப் அப்பாசுரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1902-ஆம் ஆண்டளவில் சென்னைச் சர்வகலாசாலைப் பாடத்திட்டத்தினின்றும் தமிழை நீக்கும் எண்ணம் எழுந்தபோது, பூர்ணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதனை எதிர்த்து வாதாடினார். தமிழ் தன் இடத்தை இழவாதிருந்தது.

அப்பொழுதே க்ஷயரோகம் அவர் உடலைப் பற்றியிருந்தது. உயர்தனிச் செம்மொழி என்னும் தகுதி தமிழுக்கு உண்டென நிலைநாட்டும் தமிழ்மொழியின் வரலாறு 1903-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அவர் நாட்டிய கொள்கையை இந்திய அரசாங்கம் ஏற்றுத் தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை நூற்றோராண்டுகள்.

அவர் நடித்ததைக் கண்டவர் எவரும் இன்று இல்லை. அவர் குரல் எத்தகையது, அரங்கில் எவ்வாறு நின்றார் என்பவற்றை நாம் அறிதற்கு வழியில்லை. ஆனால் கலாசாலை மாணவன் ஒருவன் அச்சத்தோடு திரைக்குப் பின்னே நின்று தன் முறை வருமென எதிர்நோக்கும் ஒவ்வொரு மாலையிலும், அவனுக்கு முன்பே அவ்வரங்கிற் கால்வைத்து, அதனை மதிப்புடையதாக்கிச் சென்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. மாணவ நண்பர்களே, அடுத்த விழாவில் வேடம் புனையும்போது அவரை ஒருகணம் நினைமின். உங்கள் பாடத்தைப் பிழையறக் கற்று, தெளிவுற உரைமின். அவருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.