பாடம் 9: மைக்கேல் ஃபாரடே

கவரிங் நகை பார்த்திருக்கிறீர்களா? பார்க்கத் தங்கம் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வேறு உலோகம். மேலே மட்டும் தங்கத்தை ரொம்ப மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். இதற்கு முலாம் பூசுதல் என்று பெயர். இந்த வேலையை மின்சாரத்தை வைத்துச் செய்யலாம்.

எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு உலோகம் படியும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. அவர் காலேஜுக்குப் போனதே இல்லை!

மைக்கேல் 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய அப்பா ஒரு கொல்லர். அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் வீட்டில் பணக் கஷ்டம். ஒரு சமயம் மைக்கேலுக்கு ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு பிரெட்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றுக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

14 வயதில் லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். புத்தகங்களை பைண்டு பண்ணுவது அவருடைய வேலை. ஏழு வருஷம் அங்கே இருந்தார். வேலை முடிந்ததும், தான் பைண்டு பண்ணிய புத்தகங்களையே எடுத்துப் படிப்பார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் புத்தகம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் படித்ததை அப்படியே நம்பிவிட மாட்டார். தன்னால் முடிந்த சோதனைகளைச் செய்து பார்ப்பார்.

1812ஆம் ஆண்டு அவர் தானே ஒரு பேட்டரி செய்தார். அதற்கு ஏழு செப்புக் காசுகள், ஏழு துத்தநாகத் தகடுகள், உப்புத் தண்ணீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள் எடுத்துக்கொண்டார். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். இரண்டு பக்கமும் கம்பி வைத்து, அந்தக் கம்பிகளை ஓர் உப்புக் கரைசலில் விட்டார். கொஞ்ச நேரத்தில் கம்பிகளைச் சுற்றிக் குமிழிகள் வந்தன. மின்சாரம் கரைசலில் இருந்த பொருளைப் பிரித்துவிட்டது! இதைத்தான் மின்னாற்பகுப்பு என்று சொல்கிறோம்.

அதே ஆண்டு, கடைக்கு வந்த ஒருவர் அவருக்கு டிக்கெட் கொடுத்தார். ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் பேச்சைக் கேட்பதற்கான டிக்கெட் அது. மைக்கேல் நான்கு பேச்சுகளைக் கேட்டார். கேட்டதை எல்லாம் படம் வரைந்து எழுதி, அழகாக பைண்டு பண்ணி, டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். அப்போது வேலை காலியாக இல்லை. புத்தக வேலையை விட்டுவிட வேண்டாம் என்று டேவி அறிவுரை சொன்னார். சில மாதங்கள் கழித்து ஓர் இடம் காலியானது. 1813 மார்ச் மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே உதவியாளராகச் சேர்ந்தார்.

1831இல் காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு மின்னாற்பகுப்பு பற்றி ஆராய்ந்தார். தகடு பெரிதாக இருந்தால் அதிகமாகப் பிரியுமா? அமிலம் கூடினால் அதிகமாகப் பிரியுமா? அல்லது மின்சாரத்தின் அளவு மட்டும்தான் முக்கியமா?

அவர் அவசரப்படவில்லை. முதலில் திட்டம் போட்டார். அமிலம் கலந்த தண்ணீர் உள்ள பாத்திரங்களை வரிசையாக இணைத்தார். ஒன்றின் வழியாகப் போன மின்சாரம்தான் அடுத்ததின் வழியாகவும் போகும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்சாரம். ஒரு சோதனையில் தகடுகளின் அளவை மட்டும் மாற்றினார். இன்னொன்றில் அமிலத்தின் அளவை மட்டும் மாற்றினார். ஒவ்வொரு முறையும் வந்த வாயுவை அளந்தார். தகடு சிறிதோ பெரிதோ, வாயுவின் அளவு மாறவில்லை! மின்சாரம் இரண்டு மடங்கு போனால், பிரியும் பொருளும் இரண்டு மடங்கு. இதுதான் ஃபாரடேயின் முதல் விதி.

எல்லாப் பொருளும் ஒரே எடையில் பிரிவதில்லை என்றும் அவர் கண்டார். 1 கிராம் செம்பைப் படிய வைக்கும் மின்சாரம், சுமார் 3.4 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும்.

புதிய விஷயங்களுக்குப் புதிய சொற்கள் வேண்டும் இல்லையா? ஃபாரடேக்குக் கிரேக்க மொழி தெரியாது. அதனால் வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞரிடம் கேட்டார். அப்படித்தான் ஆனோடு, கேத்தோடு, அயான் என்ற சொற்கள் பிறந்தன. அயான் என்றால் கிரேக்க மொழியில் போவது என்று அர்த்தம். தமிழில் அதை அயனி என்கிறோம்.

ஃபாரடே செய்த சோதனைகளை எல்லாம் நோட்டில் எண் போட்டு எழுதினார். கடைசி எண் 16,041! சரியாக வராத சோதனைகளையும் விடாமல் எழுதி வைத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காகவும் அறிவியல் பேச்சுகள் நடத்தினார். சர் பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி காலமானார்.

உங்கள் பள்ளியிலும் ஒரு நாள் இந்தச் சோதனையைச் செய்வீர்கள். இரண்டு செப்புத் தகடுகளை எடை போட்டு, காப்பர் சல்பேட் கரைசலில் வைத்து, மின்சாரம் கொடுப்பீர்கள். ஒரு தகட்டில் செம்பு படிந்து எடை கூடும். மற்றதில் எடை குறையும். 10 நிமிடம் கொடுத்தால் எவ்வளவு? 20 நிமிடம் கொடுத்தால் எவ்வளவு? நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மின்சாரம், தகட்டின் அளவு, கரைசல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். எடை போடும் முன் தகட்டைக் கழுவிக் காய வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வந்த எண் எதுவானாலும் ஃபாரடே மாதிரி நோட்டில் எழுதுங்கள்.

சிந்தித்துச் சொல்லுங்கள்

1. மைக்கேல் எந்தப் பொருள்களை வைத்து பேட்டரி செய்தார்?
2. பாத்திரங்களை ஏன் வரிசையாக இணைத்தார்?
3. ஒரே சமயத்தில் நேரத்தையும் கரைசலையும் மாற்றினால் என்ன குழப்பம் வரும்?